கடைசிச் சைக்கிள்

என் மேசை லாச்சிக்குள் ஒரு பழைய கைத்தொலைபேசி கிடக்கிறது. திரை மங்கி, பற்றரி செத்துப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஐந்தாம் இலக்கப் பொத்தானை அழுத்தினால் மட்டும் இன்னமும் நறநறவென்று மணல் அரைபடும். போன கோடைவரை, வீடு துப்புரவாக்கும் ஒவ்வொரு முறையும் மகள் அதை எறியப் பார்ப்பாள். இந்தக் குப்பையை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று டெனிஷில் கேட்பாள். வாங்கி மறுபடியும் லாச்சிக்குள் வைத்துவிடுவேன். அந்த மணல் எங்கள் போர்மனின் கையிலிருந்து ஒட்டியது.

வைலே நகரில் நான் வேலை செய்த தொழிற்சாலையில் பிளாஸ்ரிக் பெட்டிகளுக்கு மூடி வார்த்தோம். எங்கள் பகுதி வேலையை மேற்பார்க்கும் போர்மன் அவர்தான். நெட்டையான மனிதர். சொல்லுக்குப் பஞ்சம் வந்ததுபோலத்தான் பேசுவார். ஆனால் அவருக்கு வாய்த்த காது வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. பன்னிரண்டு இயந்திரங்கள் ஒன்றாக இரையும் கூடத்தில் ஒன்று மட்டும் அரை மூச்சுப் பிந்தினாலும் நடப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். இடைவேளையில் நான் வீட்டுக்குப் போன் எடுத்துக் கதைப்பதையும் அந்தக் காது விட்டுவைக்கவில்லை. "உங்கள் மொழியில் ஒரே ஒரு சொல்தானா இருக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார். அதன் பிறகு நான் எதைக் கேட்டாலும், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லும் "ஓம்... ஓம்..." என்பதை என்னைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டுவார். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு அந்த இரண்டு ஓம் இல்லாமல் வேலை தொடங்காது என்றாகிவிட்டது.

ஒவ்வொரு மே மாதமும் தொழிற்சாலைச் சைக்கிள் குழு இரண்டு நாள் பயணமாக ஜெர்மன் எல்லைவரை போகும். மாடு சாய்த்து ஓட்டிக்கொண்டு போன பழைய பாதையொன்று தெற்கே இறங்குகிறது. நகரத்தை விட்டு மேற்கே சில மணித்தியாலம் மிதித்தால் பச்சை சட்டென்று முடிந்து மணல் தொடங்கும். மரமில்லாத வெளி, பழுப்புப் பற்றைகள், காற்று குவித்த மணல் மேடுகள். "இது எங்கள் பாலைவனம், ஒட்டகம்தான் குறை" என்று டெனிஷ்காரர் பகிடி விடுவார்கள். அங்கிருந்து தெற்கே ஒரு சிற்றாறு குறுக்கிடும். ஒரு காலத்தில் அதுதான் ஜெர்மன் எல்லையாக இருந்ததாம். போர்மனின் பாட்டனார் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பிறந்தவர். அதனால் தனக்குச் சம்பந்தமில்லாத நாட்டின் படையில் சேர்த்து அனுப்பப்பட்டார். அவரிடமிருந்து கடிதம் வராத மாதங்களில் வீட்டில் யாரும் உரத்துப் பேசமாட்டார்களாம். போர்மன் தன் குடும்பத்தைப் பற்றி என்னிடம் சொன்னது அது ஒன்றுதான்.

நான் யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நடை பழகியதோடு சைக்கிளும் பழகியவள். ஆனால் வரிசையில் ஓடுவதை இவர்களிடம்தான் கற்றேன். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார். களைத்தால் ஒதுங்கி மற்றவருக்கு இடம் விடுவார். கடைசிச் சைக்கிள் எப்போதும் போர்மனுடையது. கடைசியில் வருகிறவர் எக்காரணம் கொண்டும் யாரையும் முந்தக்கூடாது; அவருக்குப் பின்னால் விடுபட்டவர் ஒருவரும் இல்லை என்பதுதான் எல்லோருக்கும் தைரியம். முதல் வருடம் ஒருவர் போனைப் பார்த்தபடி ஓடி மூன்று பேரை விழுத்தியதால் இன்னொரு விதியும் வந்திருந்தது: எல்லோருடைய போனும் போர்மனின் பைக்குள் போய்விட வேண்டும்.

இரண்டாயிரத்து ஒன்பது மே மாதத்தில் எங்கள் நாட்டில் போர் முடிந்தது. முடிந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அக்கா போர் நடந்த வன்னியில் கலியாணம் முடித்திருந்தவள். மாசி மாதத்துக்குப் பிறகு அவளிடமிருந்து ஒரு சொல் இல்லை. அவள், அத்தான், இரண்டு பிள்ளைகள்; நான்கு பேரில் யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று தெரியாமல், என் இலக்கம் அவளுக்கு மனப்பாடம் என்ற ஒரே நம்பிக்கையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே சமைத்தேன், படுத்தேன், வேலைக்கும் போனேன். மூடிகளை மாற்றி அடுக்கினேன். போர்மன் அவற்றைத் தானே திருத்தி அடுக்கினார். பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு வந்து, "காத்திருப்பதைச் சைக்கிளில் இருந்துகொண்டும் செய்யலாம்" என்றார், அவ்வளவுதான்.

நான் போவதாக இல்லை. என் கணவர்தான் பிடரியில் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பினார். "வீட்டில இருந்து போனை முறைச்சுக்கொண்டிருந்தா அவ எடுத்துப்போடுவாவோ? உமக்கும் விசர் பிடிச்சா பிள்ளையை ஆர் பார்க்கிறது? போயிட்டு வாரும்" என்றார்.

என் போனைப் போர்மனிடம் கொடுக்கும்போது நான் ஒரு பிழை விட்டேன். எங்கள் ஆட்கள் மட்டுமே விடக்கூடிய பிழை. ஊரிலிருந்து எங்களுக்கு யாரும் பேச எடுப்பதில்லை. இரண்டு தரம் அடித்துவிட்டு வைத்துவிடுவார்கள். மிஸ்ட் கோல். காசு அவர்களுக்குப் போகாமல் இங்கிருந்து நாங்கள் திருப்பி எடுக்க வேண்டும். மறந்துபோய்த் தூக்கிவிட்டால் பேச்சு விழும். அந்தப் பழக்கத்தில், "அடித்தால் தூக்கவேண்டாம். இரண்டு தரம் அடித்து நின்றுவிடும். என்னைக் கூப்பிட்டால் போதும், நான் திருப்பி எடுப்பேன்" என்று வலு தெளிவாகச் சொல்லிக் கொடுத்தேன். இரவல் போனில், ஒளித்து நின்று எடுக்கிறவளைத் திருப்பி எடுத்துப் பிடிக்க முடியாது என்று என் புத்திக்கு எட்டவில்லை.

முதல் நாள் மதியத்துக்கு முன், மணல்வெளியின் நடுவில் நான் வரிசையின் முன்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கடைசிச் சைக்கிள் எல்லோரையும் முந்திக்கொண்டு வருகிறது! ஒரு கை சைக்கிளில், ஒரு கை காதில். மனிதருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். பாதை மணலாக மாறும் இடத்தில் முன்சில்லு புதைந்து குப்புற விழுந்தார். சைக்கிளைப் போட்டுவிட்டுக் கையூன்றி எழுந்து ஓடிவந்தார். கிட்ட வந்தபோதுதான் அவர் போனுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. "ஓம்... ஓம்... ஓம்..."

போனை என் காதில் வைத்தார்.

"தங்கச்சி, நான்தான்."

நான் போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"தங்கச்சி, கேக்குதே? பிள்ளையள் ரெண்டும் என்னோட நிக்குதுகள். அத்தான் இல்லை. அவரைத் தேடவேண்டாம். நான் சொல்லுறதை எழுது, கெதியா."

அவர்களை அடைத்துவைத்திருந்த முகாமின் பெயர், பகுதி, கூடார இலக்கம். எழுத ஒன்றுமில்லாமல் முழங்காலில் இருந்து மணலில் விரலால் எழுதினேன். அடிக்கிற காற்றில் முதல் எழுத்து அப்போதே கரையத் தொடங்கியது. குழுவில் வந்த அத்தனை பேரும் காற்று வரும் பக்கமாகச் சைக்கிள்களோடு நெருங்கி நின்று மறைத்தார்கள். ஒருவர் குனிந்து, தனக்கு விளங்காத தமிழ் எழுத்துகளைப் படம் கீறுவதுபோல வரைபடத்தின் ஓரத்தில் அப்படியே கீறிக்கொண்டார். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

அத்தானை நினைத்து அந்த மணலில் இருந்து அழுதேன். அக்காவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்றும் அழுதேன். ஒருவர் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். கொஞ்சம் தெளிந்ததும் போர்மனிடம், தூக்கவேண்டாம் என்று சொன்னேனே, ஏன் தூக்கினீர்கள் என்று கேட்டேன். முழங்காலில் ரத்தத்தைத் துடைத்தபடி, "மூன்றாவது தரமும் அடித்தது" என்றார். "திருப்பி எடுக்கச் சொல்கிறவர் இரண்டோடு நிறுத்துவார் என்று நீதானே சொன்னாய். இது நிறுத்தவில்லை." என் பழக்கம் அன்று என் அக்காவைத் தொலைத்திருக்கும். அந்தக் காதுதான் அவளை மீட்டுத் தந்தது. நான் யாருக்கும் இலேசில் கடமைப்படுகிறவள் அல்ல. ஆனால் அந்த மனிதருக்கு என் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெயரையும் இலக்கத்தையும் வீட்டுக்குச் சொன்னேன். கணவர் வவுனியாவில் இருந்த சொந்தக்காரருக்கு அறிவிக்க, இரண்டாம் வாரம் அந்தச் சொந்தக்காரர் முட்கம்பிக்கு வெளியே நின்று அக்காவைக் கண்டுவிட்டார். அன்று மணல்வெளியில், ரயிலில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடவா என்று போர்மன் கேட்டார். நான் மறுத்துவிட்டேன். அழுதுகொண்டே சைக்கிள் ஓடலாம் என்று அன்றுதான் கண்டேன். மறுநாள் பின்னேரம் எல்லைக்குப் போனோம். காவலும் இல்லை, கேள்வியும் இல்லை. ஒரு கல் மட்டும் நின்றது. நான் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வந்தேன். அதற்கும் போர்மன் எனக்குப் பின்னால்தான் வந்தார்.

போன கோடையில் அக்கா எங்களிடம் வந்தாள். போர்மன் இப்போது முதியோர் இல்லத்தில் இருக்கிறார்; இயந்திரத்தின் அரை மூச்சைப் பிடித்த காது முக்கால்வாசி அடைத்துவிட்டது. மகள்தான் எங்களைக் காரில் கூட்டிப்போனாள். நான் அந்தப் போனையும் கொண்டுபோயிருந்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரல் ஐந்தாம் பொத்தானில் நின்றது. "மணல்" என்றார், சிரித்தபடி. பிறகு, யாரோ ஒரு அந்நியன் தூக்கியபோது போனை ஏன் வைத்துவிடவில்லை என்று அக்காவிடம் கேட்கச் சொன்னார். அவருக்கு அது இத்தனை வருடமும் உறுத்தியிருக்க வேண்டும்.

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போன் தந்த மனுசி வை வை எண்டு கையில இழுக்கிறா. ஆர் கதைக்கிறது எண்டும் எனக்குத் தெரியேல்லை. ஆனா மூச்சு வாங்க ஓடுற சத்தம் கேட்டுது. அந்த அஞ்சாறு மாசமும் ஓடுற சத்தம் எண்டா, ஆரோ எங்களை விட்டிட்டு ஓடுற சத்தம்தான். இது எங்களிட்ட ஓடி வாற சத்தம். அதுதான் வைக்கேல்லை."

நான் மகளைப் பார்த்தேன். மகள்தான் அவர் காதருகே குனிந்து, ஒவ்வொரு சொல்லாக டெனிஷில் உரத்துச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ஓம்... ஓம்..." என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் போனை என் கைப்பையிலிருந்து எடுத்து லாச்சிக்குள் வைத்தவள் மகள்தான்.