இளவழகன் பிடித்த திருடன்

ஜவ்வாது மலையில் ஷேர் ஜீப் ஓட்டும் இளவழகனுக்கு, சவாரி இல்லாத நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் துப்பறியும் விளையாட்டுதான். அதில் ஒரு நகரமே திறந்து கிடக்கும்; எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரையும் விசாரிக்கலாம். அந்தச் சுதந்திரம் அருமையானது என்பதை அவன் பெரியப்பாவான நானும் பார்த்தேன்.

தை மாதம் அவன் ஆடு காணாமல் போனது. பக்கத்து வீட்டு ராஜாக்கண்ணுவின் கொடியில் உப்புக்கண்டம் காய்வதைக் கண்டவன், ஊர் கூடியிருந்த இடத்திலேயே அவரைத் திருடன் என்றான். அது குலதெய்வத்துக்கு அவர் வெட்டிய சொந்த ஆட்டின் கறி. இளவழகனின் ஆடு மறுநாள் காட்டிலிருந்து தானாகத் திரும்பியது.

"கேம்ல தப்பான ஆளப் புடிச்சாலும், மறுபடி போனா அந்தாளு சிரிச்சிக்கினே பேசுவான் பெரியப்பா. அதான் அதுல பெரிய குறை," என்றான் என்னிடம்.

ராஜாக்கண்ணு இப்போதெல்லாம் சந்தைக்கு நடந்தே போகிறார். நேற்று இளவழகன் அவர் பக்கத்தில் ஜீப்பை நிறுத்தி, "ஏறுங்க மாமா, மழ வருது," என்று கெஞ்சினான்.

"இன்னாத்துக்குடா? எறங்கனப்புறம் ஜீப் சீட்டக் காணோம்னு சொல்றதுக்கா?" என்றார் அவர், மூட்டையைத் தோள் மாற்றியபடி.

ஜீப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சந்தை வரும்வரை இளவழகன் அவரை முந்தாமல், பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்து போனான்.