பட்டாளமும் பெண்கள் வடமும்

எங்கள் கோயிலில் திருவிழாக் காலத்தில் ஒரு மாலை பட்டிமன்றத்துக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். கண்டிக்குப் பக்கத்தில், அம்பிட்டியாவில் ஒரு சரிவில் இருக்கிற சின்ன அம்மன் கோயில் அது. வீட்டின் நிம்மதி கணவன் கையிலா மனைவி கையிலா என்று வருடா வருடம் பேசி, மனைவி கையில்தான் என்று வருடா வருடம் தீர்ப்பும் சொல்லி, சனங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. அந்த வருடம் கோயில் சபைத் தலைவர் தொலைக்காட்சிச் செய்தியில் ஏதோ வெளிநாட்டு வாக்குவாதத்தைப் பார்த்துவிட்டுப் புதுத் தலைப்போடு வந்தார். திருநங்கையர் இராணுவத்தில் சேரலாமா, கூடாதா?

அந்தக் கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவள் நான். நான் ஒரு திருநங்கை. இந்த இரண்டு விசயமும் தலைவருக்கு நன்றாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்து யோசிக்கத்தான் அவருக்குத் தோன்றவில்லை. தலைப்பு அச்சடித்த நோட்டீசை என் கையிலேயே கொடுத்து, அன்றைக்கு மைக் ஒன்று கூடுதலாகத் தேவைப்படும் என்றார்.

இந்தத் தொழில் அப்பாவுடையது. நான் சேலைக்கு மாறியபோது பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன், போகவில்லை. அந்த ஏற்றத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வர வேறு யாரும் சம்மதிக்காததுதான் காரணம். என்னை எப்படிக் கூப்பிடுவது என்பதில் மட்டும் சனங்களுக்குச் சிக்கல் வந்தது. தம்பி என்று பழகிய வாய்க்கு அக்கா என்று வரவில்லை. கடைசியில் ஆளாளுக்கு "சவுண்ட்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சவுண்ட் வந்தாச்சா, சவுண்ட் சாப்பிட்டாச்சா. ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும், அலுமாரிக்கும் பொருந்தும்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எங்கள் தேருக்கு இரண்டு வடம். வலது வடத்தை ஆண்கள் பிடிப்பார்கள், இடது வடத்தைப் பெண்கள். நான் தேருக்குப் பின்னால் ஒலிபெருக்கி ஏற்றிய வண்டியோடு நடப்பேன். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவளை நீ எந்தப் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. அது வசதிதான். ஆனால் ஒவ்வொரு வருடமும் அந்த இடது வடத்தைப் பார்க்கும்போது, ஒரு முறையாவது அதைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைப்பேன், கேட்கத் தைரியம் வராது.

பட்டிமன்றத்துக்கு வருகிறேன். எங்கள் கோயிலில் யார் எந்தப் பக்கம் பேசுவது என்பதைப் பேச்சாளர்கள் முடிவு செய்வதில்லை. அம்மன் முன்னால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலத்தில், வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்தில். எடுத்த பொட்டலத்தில் சிவப்பு வந்தால் "சேரலாம்", வெள்ளை வந்தால் "கூடாது". தலைவருக்குச் சிவப்பு வந்தது. கண்டியில் பெரிய இரும்புக்கடை வைத்திருக்கிறவர், குரலும் இரும்பு. வெள்ளை வந்தது ஒரு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாருக்கு. யாழ்ப்பாணத்துக்காரர், இந்தப் பக்கம் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர்.

மண்டபம் நிறைந்துவிட்டது. பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அங்கே இருந்தவர்களில் ஒருவர் வீட்டிலும் பட்டாளத்துக்குப் போன பிள்ளை கிடையாது. போக நினைத்த பிள்ளையும் கிடையாது. எங்கள் சனத்துக்கும் பட்டாளத்துக்கும் உள்ள உறவெல்லாம் சண்டைக் காலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி அடையாள அட்டையை நீட்டியதுதான். வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு விருந்தாளிகளை நாங்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தோம்.

என்னைப் பற்றி இராணுவம் ஏற்கெனவே ஒரு முறை ஆலோசித்திருக்கிறது என்பது அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. அப்போது நான் இளசு. கொழும்புக்குப் போய் ஒலிபெருக்கிக்குச் சாமான் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். கடுகண்ணாவையில் சோதனைச் சாவடி. எல்லாரையும் இறக்கி ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. என் முகத்தைப் பார்த்த சிப்பாய் பெண்கள் வரிசையைக் காட்டினான். அங்கே நின்ற பெண் சிப்பாய் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஆண்கள் வரிசைக்கு அனுப்பினாள். அங்கே இருந்தவன் என் தலைமுடியையும் கண்மையையும் பார்த்துவிட்டுத் திரும்ப அனுப்பினான். பஸ்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு அதிகாரி வந்து என்னை மேலும் கீழும் பார்த்து, "ஹரி ஹரி, யன்ன" என்று கையை வீசினார். சிங்களத்தில் சரி சரி, போ என்று. தொடாமலே விட்டுவிட்டார்கள். என் பையில் இருந்ததோ வயர், பற்றரி, இன்னும் சிவப்பும் பச்சையுமாக என்னென்னவோ. அன்றைக்கு அந்தப் பஸ்ஸில் சோதித்திருக்க வேண்டிய பை என்று ஒன்று உண்டென்றால் அது என்னுடையதுதான். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

வாத்தியார் முதலில் பேசினார். பட்டாளம் என்றால் ஒரே தொப்பி, ஒரே சப்பாத்து, ஒரே நடை, அங்கே வேறு மாதிரி ஒருவர் வந்தால் வரிசை குலைந்துவிடும் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இரவு எங்கே படுப்பார்கள், எங்கே குளிப்பார்கள் என்று வேறு கேட்டார். எல்லா ஊரிலும் எங்களைப் பற்றிய முதல் கவலை குளியலறைதான். அவருடைய குரல் மெலிந்த குரல், பின்வரிசைக்கு எட்டவில்லை. அப்படியே விட்டிருந்தால் அவர் சொன்னது காற்றோடு போயிருக்கும். ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே. பல்லைக் கடித்துக்கொண்டு அவருடைய சத்தத்தைக் கூட்டிவைத்தேன். என்னை வேண்டாம் என்று சொல்கிறவர் குரலும் கடைசி வரிசைக்குக் கேட்கத்தான் வேண்டும். மைக்கில் தன் குரல் திடீரென்று கனத்ததும் அவர் ஒரு கணம் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

தலைவருக்குச் சத்தம் கூட்டத் தேவையில்லை, குறைக்கத்தான் வேண்டியிருந்தது. புராணங்களையெல்லாம் துணைக்கு இழுத்தார். மனிதரில் பேதமில்லை என்றார். நாட்டின் எல்லையைக் காக்க ஒரு திருநங்கை முன்வந்தால் அவள் கையில் துப்பாக்கியைத் தானே கொடுப்பேன் என்று மேசையில் அடித்தார். எங்கள் நாட்டுக்கு எல்லை கடல்தான் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை, மண்டபம் கைதட்டிக் கலங்கியது. எனக்கும் கண் கலங்கியது. சேரலாம் என்ற கட்சியே வென்றது என்று நடுவர் தீர்ப்புச் சொல்ல, தலைவர் பொன்னாடை போர்த்திக்கொண்டு படம் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கைதட்டலில்தான் எனக்குத் தைரியம் வந்தது. தேருக்கு முந்திய நாள் காலை கோயிலில் தலைவரிடம் போனேன். வாத்தியாரும் அங்கே கதிரையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் பெண்கள் வடத்தைப் பிடிக்கலாமா என்று கேட்டேன்.

தலைவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பிறகு, "அது வந்து, மேடையில பேசுறது வேற, வடம் பிடிக்கிறது வேற" என்றார்.

"துப்பாக்கியே குடுப்பேன்னீங்க ஐயா. எனக்குக் கயிறு போதும்" என்றேன்.

சனம் என்ன சொல்லும், பெண்கள் என்ன நினைப்பார்கள், வண்டியோடு யார் நடப்பது என்று அடுக்கிக்கொண்டே போனார். தானாக ஒரு முடிவு சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. அம்மனிடமே கேட்டுவிடுவோம், சிவப்பு வந்தால் வடம், வெள்ளை வந்தால் வழக்கம்போலப் பெட்டி. எனக்குப் பிடிக்கவில்லை. மற்றப் பெண்கள் யாரும் பூப் பார்த்தா வடம் பிடிக்கிறார்கள்? ஆனாலும் அம்மன் முன்னால் முடியாது என்று சொல்ல வாய் எழவில்லை.

ஐயர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். வெள்ளை.

தலைவர் நிம்மதியாகக் கும்பிட்டார். நான் என் வயர்ச் சுருளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"கொஞ்சம் நில்லும் பிள்ளை" என்றார் வாத்தியார். பேப்பரை மடித்து வைத்துவிட்டுத் தலைவரைப் பார்த்தார். "எனக்கும் அண்டைக்கு வெள்ளைதான் வந்தது. வெள்ளை தோத்ததெண்டு நடுவர் இதே அம்மாளின்ர கோயில்லதான் தீர்ப்புச் சொன்னவர். அதுக்குத்தானே நீங்கள் பொன்னாடை போட்டனீங்கள்?"

தலைவர் ஐயர் கையிலிருந்த வெள்ளைப் பூவைக் காட்டினார்.

"தோத்த பூவைக் காட்டி ஆரையும் தடுக்கேலாது. அப்பிடித் தடுக்கிறதெண்டால் பொன்னாடையை என்னட்டத் தாங்கோ."

இப்படி ஒரு வாதத்தை நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. அதில் நியாயம் இருந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பொன்னாடை தலைவர் வீட்டில் கண்ணாடி போட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அம்மனைப் பார்த்தார், அம்மன் உதவிக்கு வரவில்லை. சரி, ஒரு வருடம் பார்ப்போம் என்றார்.

வெளியே வந்ததும் நான் வாத்தியாரிடம், அன்றைக்கு அப்படியெல்லாம் பேசினீர்களே என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். பட்டாளத்துக்கு ஒருத்தருமே போகக் கூடாது என்பதுதான் தன் கட்சி என்றார் அவர். பூ வெள்ளையாக வந்ததால் அதில் பாதியை மட்டும் பேசவேண்டி வந்துவிட்டதாம். "அந்தப் பாதியையும் நீர்தான் எல்லாருக்கும் கேக்க வைச்சனீர்" என்று சிரித்தார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் முழுவதும் போகவில்லை, ஆனால் முக்கால்வாசி போய்விட்டது.

தேரன்று காலை ஒலிபெருக்கியைக் கட்டி முடித்து, மைக்கைத் தலைவர் கையில் கொடுத்தேன். இதைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் மட்டும் போகாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். இரும்புக்கடைக்காரருக்கு இது தெரியாதா என்றார்.

இடது வடத்தில் போய் நின்றேன். சிலர் பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். மற்றவர்களுக்குத் தேர்தான் பெரிதாக இருந்தது. வடம் நான் நினைத்ததைவிடக் கனம், கையில் தேங்காய் நார் குத்தியது. தேர் அசைந்து வீதிக்கு ஏறுகிற இடத்தில் தலைவர் மைக்கைப் பிடித்தபடி நேராக ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நின்றார். பெட்டி ஊளையிட்டது. சனங்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் என்னைப் பார்த்து வா வா என்று கையை ஆட்டினார், சவுண்ட் சவுண்ட் என்று கத்தினார்.

எனக்குக் கால் தன்பாட்டில் ஒரு அடி எடுத்துவிட்டது, பழக்கதோசம். பின்னால் வடத்தைப் பிடித்திருந்த பெண், மூச்சு வாங்க, "அக்கா, விட்டுறாதீங்க, இங்கதான் ஏத்தம்" என்றாள்.

பெட்டி அம்பிட்டியா முழுவதற்கும் கேட்க ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நான் வடத்தை விடவில்லை.