முன்சக்கரத்துக்கு மட்டும் வேறு ரோடு

நீங்கள் சிரிக்கத்தான் போகிறீர்கள், சிரியுங்கள். இதை வேறு யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் எனக்கு வேலை, செய்து வரும் சாமான்கள் அளவில் சரியாக இருக்கின்றனவா என்று நாள் முழுக்க அளந்து பார்ப்பதுதான். டயலில் முள் நகர்ந்தால் உண்டு, நகராவிட்டால் இல்லை, பேய் பிசாசு விஷயத்திலும் என் கணக்கு அதுதான். வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டித் தொங்கவிடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

எல்லாம் என் மனைவி சுமதியின் கழுத்துவலியில் ஆரம்பித்தது. தினமும் காலையில் அவளை அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத்தான் நான் கம்பெனிக்குப் போவேன். வீட்டில் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் இருப்போம், அந்த வண்டிப் பயணத்தில்தான் நாங்கள் மனிதர்கள் மாதிரி பேசிக்கொள்வது. ஒருநாள் இறங்கியதும் அவள் சொல்லிவிட்டாள்.

"நாளைல இருந்து நான் பஸ்ஸுலயே போய்க்கறனுங்க. உங்க வண்டி குழில எறங்குனா எங்கழுத்துல இடி எறங்குது."

எனக்குச் சுருக்கென்றது. நேராக மெக்கானிக் பழனியண்ணனிடம் போனேன். என் வண்டியில் முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்ச்சி தாங்குகிற போர்க் மெலிசு, அதை எண்ணெய் ஊற்றி ஒப்பேற்றுவதைவிட இன்னொரு பெரிய மாடலின் போர்க்கை அப்படியே தூக்கி மாட்டிவிடலாம் என்றார். அடிபட்ட வண்டியில் கழற்றியதா என்று கேட்டேன்.

"அட, இல்லீங்க. தொண்டாமுத்தூர்ல ஒரு தோட்டத்துக்காரரு இதைவிடப் பெரிய போர்க்கா மாத்திக்கிட்டாரு, இது அவரு கழட்டிக் குடுத்தது. அவரும் நல்லா இருக்காரு, வண்டியும் நல்லா ஓடுது."

மாட்டியாயிற்று. மறுநாள் சுமதியைச் சமாதானப்படுத்தி ஏற்றிக்கொண்டு அவினாசி ரோட்டில் போகிறேன், ரோடு பளிங்கு மாதிரி இருக்கிறது, முன்பக்கம் மட்டும் டொக் டொக் என்று குதிக்கிறது. அங்கிருந்து பைப்புக்குத் தோண்டிப் போட்ட சந்துக்குள் திரும்பினால் பின்சக்கரம் தூக்கித் தூக்கிப் போடுகிறது, முன்சக்கரம் தொட்டில் மாதிரி போகிறது. சுமதி பாதியிலேயே இறங்கி பஸ் ஏறிவிட்டாள்.

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே. பழனியண்ணன் போர்க் எண்ணெய் மாற்றினார், அது கசியாமல் அடைக்கிற சீல் மாற்றினார், ஹேண்டில் திரும்புகிற இடத்துக் கோன்செட் மாற்றினார், சக்கரத்துக்குக் கோட்டம் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் "ஒண்ணுமே இல்லீங்களே" என்று அதே பதில். கடுப்பில் போர்க் பைப் இரண்டையும் கம்பெனிக்கே தூக்கிக்கொண்டு போய் உருட்டி அளந்தேன். முள் அசையவில்லை. ஒரு வளைவாவது இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். போர்க் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்க, ஒயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் ஒன்றைப் பைப்பைச் சுற்றிக் கட்டி, சீலோடு ஒட்டி வைத்தேன். போர்க் அமுங்கினால் சீல் டேக்கை மேலே தள்ளிவிட்டுப் போகும், அந்த இடைவெளிதான் அளவு. பளிங்கு ரோட்டில் டேக் உச்சிவரை ஏறியிருந்தது.

அந்தக் குதிப்புக்கு ஒரு தாளம்கூட உண்டு. இரண்டு சின்ன மேடு, ஒரு பள்ளம், அப்புறம் கொஞ்ச தூரம் கடகடவென்று ஆட்டம், அப்படியே நின்றுவிடும். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

நம்பினால் நம்புங்கள், ஒரு சாயங்காலம் என்னோடு வேலை செய்பவர் தொண்டாமுத்தூரில் கட்டிய வீட்டின் கிரகப்பிரவேசத்துக்குப் போனோம். அந்த வீட்டுப் பக்கம் பஸ் இல்லாததால் சுமதி முணுமுணுத்துக்கொண்டே ஏறினாள். ஊருக்குள் போனதும் பின்சக்கரம் அந்தத் தாளத்தைப் போட்டது. இரண்டு வேகத்தடை, ஒரு பாலம், அப்புறம் தென்னந்தோப்பு ஓரமாகக் கல்பாவிய மண்தடம். முன்சக்கரம் மட்டும் ஆடாமல் அசையாமல் வந்தது. சுமதி இறங்கி விசேஷ வீட்டுக்குள் போய்விட்டாள். எதிரே தோப்பு வாசலில் ஒரு பெரிய வண்டி நின்றது, முன்னால் தடித்த புதுப் போர்க். தோட்டத்துக்காரர் ஒரு தேங்காய் மூட்டையைத் தூக்கி அதன் டேங்க்மேல் வைத்தார். இங்கே, யாரும் தொடாத என் வண்டியின் முன்பக்கம் மெதுவாகக் கீழே போனது.

"ஏனுங்க, ஹேண்டிலப் புடிச்சு கொஞ்சம் அமுத்திக் காட்டுங்க" என்றேன்.

"புதுப் போர்க்கப் பாக்கறீங்களா? ஜம்முனு இருக்குமுங்க" என்று அவர் அமுக்கினார். அவர் அமுக்க அமுக்க என் வண்டி இறங்கியது, விட விட ஏறியது. அவர் தன் போர்க்கையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடனே கழற்றி எறிந்திருக்கலாமே என்பீர்கள். என் பழைய போர்க் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது, என்னைக் கண்டாலே பழனியண்ணன் உள்ளே போய் ஒளிந்துகொள்கிறார், நான் என்ன செய்ய? புலம்பிக்கொண்டே கொஞ்ச நாள் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் எல்லாம் நின்றுவிட்டது. பழனியண்ணனிடம் விசாரித்தேன்.

"அவரு கார் வாங்கிட்டாருங்க. அந்த வண்டிய வாங்குன ஆளு துண்டு துண்டா உடைச்சு இரும்புக்குப் போட்டுட்டான். ஏனுங்க கேக்கறீங்க?"

சும்மா என்றேன். தலையிலிருந்து பாரம் இறங்கியது. சுமதி மறுபடி என் வண்டிக்கு வந்துவிட்டாள். "இப்பத்தானுங்க வண்டி வண்டியா இருக்குது" என்கிறாள், பள்ளிக்கூடம் வரும்வரை பேசிக்கொண்டே வருகிறாள், எனக்கும் அதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த டேக்கை மட்டும் நான் கழற்றவில்லை. பழக்கதோஷத்தில் சாயங்காலம் வண்டியை நிறுத்தியதும் அதைச் சீலோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் போவேன். காலையில் பார்த்தால் மேலே ஏறியிருக்கிறது. பூட்டிய கேட்டுக்குள் நிற்கிற வண்டி! நான் மட்டும் உட்கார்ந்து அளந்து பார்த்தேன், அவ்வளவு இறங்கவில்லை. சுமதியைக் கூப்பிட்டு எனக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன். "கெளம்பாத வண்டில எதுக்குங்க உக்காரச் சொல்றீங்க" என்று சிரித்துக்கொண்டே ஏறினாள். இறங்கிக் குனிந்து அளந்தேன், காலையில் இருந்த அதே அளவு, மயிரிழை பிசகவில்லை.

ராத்திரியில் யாரோ இரண்டு பேர் என் வண்டியில் உட்காருகிறார்கள். முள் நகர்ந்தால்தான் நம்புவேன் என்றேன் அல்லவா, தினமும் நகர்கிறது. சுமதியிடம் சொன்னால் நாளைக்கே பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அதனால் காலையில் அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு வெளியே வருவதற்குள், நான் போய் டேக்கைக் கீழே தள்ளிவைத்துவிடுகிறேன்.