ஊமத்தை இன்னும் இருக்கா?

என் வீட்டுக்காரருக்கு நேர் மூத்தவள் என் நாத்தனார். தையல் வேலை. மெஷின் நின்றாலும் நிற்கும், அவள் பேச்சு நிற்காது. என் கல்யாணத் துணிக்கு அளவெடுத்தவளும் அவள்தான். தோள்பட்டையிலிருந்து இடுப்புக்கு இறங்குவதற்குள் குடும்பத்தின் பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள். மீதியை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவள் ஆசைப்பட்டு வளர்த்த செடிக்குப் பேர் ஊமத்தை. "ஊமை அத்தை வளக்கற ஊமத்தை" என்று தெருவே சிரிக்கும். காட்டில் கிடக்கிற வெள்ளை இல்லை அது. தண்டு கருநீலம்; பூவோ, பாவாடைக்குள் பாவாடை வைத்துத் தைத்த மாதிரி மூன்று அடுக்கு. துணி தைக்க வந்த ஒருத்தி என்றைக்கோ ஒரு காய் கொடுத்தாள். அதற்கப்புறம் யாரும் விதைக்கவில்லை. அதுவாகவே முள்ளுக்காய் முற்றி வெடிக்கும், அதுவாகவே சிதறும். அடுத்த மழைக்குப் படி இடுக்கு, சாக்கடை ஓரம், துணி துவைக்கிற கல்லடி, எங்கே ஒரு சிட்டிகை மண் இருந்தாலும் அங்கே முளைத்து நிற்கும். இலையிலிருந்து விதை வரை அத்தனையும் விஷம்.

அவளுக்கு ஒரே மகள். மருந்துக்கடையில் வேலை. பிரசவ லீவு, அதற்கு மேல் நீட்டிய லீவு எல்லாம் முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். பத்து மாதப் பெண் குழந்தை, தவழ்கிறது. கையில் அகப்பட்டதெல்லாம் வாய்க்குள்தான். அம்மாவிடம் விடுவதாகத்தான் பேச்சு. ஆனால் மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: "ஒரு செடி இருந்தாலும் என் பொண்ணு இந்த வாசல்ல கால் வைக்காது. காப்பகத்துல விட்டுடுவேன், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாத."

நாத்தனார் என்னிடம் அழுதாள். வேறு யார் இருக்கிறார்கள் அவளுக்கு? இரண்டு தெரு தள்ளித்தான் எங்கள் வீடு, ஆனாலும் ஒரு வாரம் அங்கேயே போய்த் தங்கினேன். கெட்டிக் கையுறை போட்டுக்கொண்டு குனிந்தவள்தான், இடுப்பு இன்னும் நேராகவில்லை. நான் பத்துச் செடி பிடுங்குவதற்குள் அவள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பாட்டன் முப்பாட்டன் கதை சொல்வாள்.

"இது மட்டும் பூக்கட்டும்டி. மொட்டு விட்டிருக்கு பாரு."

"அண்ணி, உங்களுக்குப் பேத்தி வேணுமா, பூ வேணுமா?"

"ஏன், ரெண்டும் வேணாம்னா சொன்னேன்?"

இவளோடு எந்தச் சாமியால் முடியும்?

சனிக்கிழமை மத்தியானம் கடைசிச் செடியையும் பிடுங்கி, கோணிப்பையில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினோம். என்னைக் கூட்டிப்போக வந்த என் வீட்டுக்காரர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நாங்கள் பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. இடது காது அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. அந்தக் காதிலேதான் வைப்பார்.

"மாமா, ஊமத்தை இன்னும் இருக்கா?" என்று மகள் கேட்டிருக்கிறாள்.

இவருக்கு 'அத்தை' மட்டும் விழுந்திருக்கிறது. அவளுக்கு அத்தை என்றால் நான். என்னைக் கேட்பதென்றால் "இருக்காங்களா" என்றுதான் கேட்பாள். அதை யோசிக்கிற ஆளா இவர்?

"இருக்கா, இருக்கா!" என்று வீடு அதிரக் கத்தினார். "எங்க போவா? வந்து வேர் விட்டுட்டால்ல! நல்லா தளதளன்னு இருக்கா. குழந்தைய முதல்ல தன் கைலதான் தரணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா!"

ஃபோன் வைக்கப்பட்டது. "கட் ஆயிடுச்சு" என்றார். நல்ல காரியம் செய்துவிட்ட முகம்.

திங்கட்கிழமை குழந்தை வரவில்லை. ஃபோன் செய்தால் எடுக்கவில்லை. நாத்தனார் மெஷினில் உட்காராமல் வாசலிலேயே நின்றாள். மறுநாள் மகள் தனியாக வந்தாள், குழந்தைக்காக வாங்கிப் போட்டிருந்த கட்டிலைத் திருப்பி எடுத்துப் போக.

"தளதளன்னு இருக்காமே! கிண்டலா பண்றீங்க எல்லாரும்? காப்பகத்துல பேர் குடுத்துட்டேன்."

"எதுடி தளதளன்னு இருக்கு? கண்ணத் தொறந்து பாரு!"

பார்த்தாள். வாசல் மொட்டையடித்த தலை மாதிரி கிடந்தது. யார் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்தபோது, கட்டிலில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அப்ப தளதளன்னு இருக்கறது நீங்கதானா அத்தை?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இடுப்பை வைத்துக்கொண்டு தளதளப்பாம்!

சிரித்து முடித்துவிட்டு அவள் கேட்டாள்: "சரிம்மா, வெளிய இல்ல. வீட்டுக்குள்ள விதை, காய் எதுவும் எடுத்து வைக்கலியே?"

நாற்பது வருஷத்தில் என் நாத்தனார் பதில் சொல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நிஜமாகவே ஊமை அத்தை! "அண்ணி?" என்றேன். அவள் பார்வை மெஷின் பக்கம் போனது. நூல்கண்டு வைக்கிற இழுப்பறையைத் திறந்தேன். பொத்தான் டப்பாவுக்குள், பழைய துணியில் சுற்றிய ஒரு முற்றிய காய். தவழ்கிற குழந்தைக்குக் கையெட்டும் உயரம்.

"ஒண்ணே ஒண்ணுடி" என்றாள். "பாப்பா பள்ளிக்கூடம் போனப்புறம் போடலாம்னு..."

மகள் திட்டவில்லை. கையை நீட்டினாள், அவ்வளவுதான். நாத்தனார் காயைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். பிறகு துணியோடு எடுத்து அவள் கையில் வைத்தாள்.

மறுநாளே குழந்தை வந்தது. காப்பகத்தில் பேரை அடித்தாயிற்று. கதை இதோடு முடிந்ததா என்றால் இல்லை. மண்ணுக்குள் எத்தனை வருஷத்து விதை கிடக்கிறதோ யார் கண்டது. தினமும் காலையில், மகள் குழந்தையோடு வருவதற்கு முன்னால், நான் இரண்டு தெரு நடந்து போய் நாத்தனார் வீட்டுப் படி இடுக்கில் குனிகிறேன். உள்ளேயிருந்து நாத்தனார் கேட்கிறாள்:

"இன்னும் இருக்கா?"

"இருக்கு அண்ணி, நாலு! கதைய நிறுத்திட்டு வந்து குனிங்க!"