புகை வந்தால்தான் பழக்கம்

பல் டாக்டருக்குப் படிக்கிறப்போ சொத்தையையும் ஈறையும் பத்திச் சொல்லிக் கொடுத்தாங்க. சிகரெட் மோசமா, புகையிலை மோசமான்னு தினமும் பஞ்சாயத்து பண்ண வேண்டி வரும்னு ஒருத்தரும் சொல்லலை. பாளையங்கோட்டையில் கிளினிக் போட்டதும் தெரிஞ்சுபோச்சு. இதே பாடு படுற சக டாக்டர்களே, நீங்களாவது என்னை நம்புங்க.

சுத்தமான மனுஷர்

ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். நெத்தி நிறைய திருநீறு. "பீடி, சிகரெட் உண்டா?"ன்னு கேட்டேன். "சிவ சிவா!"ன்னு காதைப் பொத்திக்கிட்டார். சரி, வாயைத் திறங்கன்னேன். "ஒரு நிமிஷம்மா"ன்னு எந்திரிச்சுப் போய், ஒரு கொத்துப் புகையிலையைத் துப்பிட்டு, வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து உட்கார்ந்தார்.

எனக்குச் சுர்ருன்னு வந்தது. இது என்ன அண்ணாச்சின்னு கேட்டேன். கொஞ்சமும் அசரலை மனுஷர்.

"இது பழக்கம் இல்லம்மா, சாப்பிட்டதும் போடுதது. பழக்கம்னா புகை வரணும்லா!"

வலிக்கு மருந்து

இசக்கியம்மாள் பூ விக்கிறவங்க. ஆட்டோ ஓட்டுற புருஷன் சுடலையைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க. "இவுக ஊதி ஊதி வாயே வெந்து போயிருக்கும். நல்லாப் பாருங்க டாக்டரம்மா." பார்த்தேன். கறையைத் தவிர வாயில் ஒண்ணும் இல்லை. ஆனா பேசிக்கிட்டிருந்த அம்மாவோட இடது கன்னம் உப்பியிருந்தது. உள்ளே புகையிலை.

கேட்டா, பதினஞ்சு வருஷம் முந்தி பல்வலிக்கு ஒதுக்கினதாம். அந்தப் பல்லைப் பிடுங்கியே ரொம்ப நாளாச்சாம். அப்புறம் எதுக்கும்மா இன்னும்னு கத்தியே விட்டேன்.

"வலி திரும்பி வந்துரக் கூடாதுல்லா!"

யாருக்கு நேரம் நல்லாருக்கு

அந்தம்மாவையும் நாற்காலியில் உட்கார வச்சேன். புகையிலை ஒதுக்குற அதே இடத்தில் வெள்ளைத் திட்டு. என் கோபமெல்லாம் போயிடுச்சு. கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பணும்னு சொன்னேன். "நான் என்ன சிகரெட்டா குடிச்சேன்?"னு அழுதுட்டாங்க பாவம். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எனக்கும் மனசு ஒரு நிலையில் இல்லை.

புற்றுநோய் இல்லைன்னு வந்தது. அப்பாடான்னு இருந்தது. ஆனா இப்படியே போட்டுக்கிட்டிருந்தா அது வரலாம், இன்னைக்கே நிறுத்தணும்னு கண்டிப்பாச் சொன்னேன். அந்தம்மா இடுப்பில் சொருகியிருந்த பொட்டலத்தை எடுத்து மேஜையில் வச்சாங்க. பக்கத்தில் நின்ன சுடலைக்கு முகமெல்லாம் பல்லு. "அப்போ சிகரெட்டே தேவலைன்னு சொல்லுதிய, என்ன டாக்டரம்மா?"ன்னார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அந்தம்மா திரும்பினாங்க.

"உங்களுக்கு ஒண்ணும் வரலைன்னா அது சிகரெட்டோட கொணம் இல்ல, உங்க நல்ல நேரம். நான் வச்சாச்சு, நீங்களும் பாக்கெட்டை இங்கன வைங்க!"

இப்போ பொட்டலமும் பாக்கெட்டுமாக் கிடக்கிற என் மேஜையைப் பார்க்கிற யாருக்கும் நான் பல் டாக்டர்னு சத்தியம் பண்ணாலும் நம்பிக்கை வராது, பெட்டிக்கடைன்னுதான் நினைப்பாங்க.