ஒரு பக்கத்து மூக்கடைப்பு

இருபத்தாறு வருடம் நாகர்கோவிலில் காது மூக்கு தொண்டை பார்த்தேன். "சைனஸ்" என்று தானே முடிவுகட்டி வருகிறவர்கள்தான் பாதிப் பேர். சகாயமேரியும் அப்படித்தான் வந்தார். கடற்கரை ஊர், மீன் வியாபாரம்.

"வலத்த மூக்கு அடைச்சி ஒரு மாசமாச்சு சாரே. எடைக்கெடைக்கு ரெத்தமும் வருது. மீனு கெட்டுதான்னு மணந்து பாத்தாலும் தெரியல்ல. நேத்து ஒருத்தி வாங்கின கெட்ட மீன எனக்க முன்னால கொண்டுவந்து போட்டுட்டுப் போனா."

எண்டோஸ்கோப் வைத்தேன். முன்னால் வழுவழுப்பாக ஒரு பாலிப், சதை வளர்ச்சி. அதில் ஒரு துண்டெடுத்து பயாப்சிக்கு அனுப்பினேன், ஸ்கேனுக்கும் எழுதினேன். பயாப்சி ரிப்போர்ட் முதலில் வந்தது: சாதாரண பாலிப். உடனே போன் போட்டு, "பயப்பட ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

மறுநாள் ஸ்கேன் பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். பாலிப்புக்குப் பின்னால், மேலே, ஒரு கட்டி. மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவிலுள்ள எலும்பை ஓரிடத்தில் காணோம். சாதாரண பாலிப் எலும்பைத் தள்ளும், இப்படித் தின்னாது. நோயை விட்டுவிட்டு அதன் முன்னால் நின்ற சதையைக் கிள்ளியிருக்கிறேன்.

மறுபடி ஒரு துண்டு எடுக்க வரச் சொல்லி போன் செய்தேன். பின்னால் சந்தை இரைச்சல்.

"ஒண்ணும் இல்லன்னு நீங்கதானே சொன்னிய? பின்னயும் எதுக்கு சாரே மூக்கக் குத்தணும்? நான் வரல்ல."

ரிப்போர்ட்டின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தது.

"நான் எடுத்த எடம் தப்பும்மா. கட்டி அதுக்குப் பின்னால இருக்கு. விட்டா கண்ணுக்குள்ள போயிரும்" என்றேன்.



"தப்புன்னு ஒரு டாக்டர் சொல்லி இப்பத்தான் கேக்கேன். நாளைக்கு வாறேன்."

மயக்கம் கொடுத்து, ஆழத்திலிருந்து கட்டியில் ஒரு துண்டு எடுத்தேன். பெத்தாலஜிஸ்டுக்கு ஸ்கேனையும் சேர்த்தே அனுப்பினேன். செல்லை அடையாளம் காட்டும் ஸ்பெஷல் சாயமெல்லாம் போட்டு வந்த பதில்: எந்த வகைச் செல் என்றே அடையாளம் காட்டாத, வேகமாகப் பரவும் அரிய புற்றுநோய். அன்றே அவரைத் திருவனந்தபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். முதலில் கீமோ, அதற்குக் கட்டி சுருங்கினால் கீமோவோடு ரேடியேஷன். கட்டி சுருங்கியது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பயாப்சி ரிப்போர்ட், நாம் அனுப்பிய துண்டைப் பற்றி மட்டும்தான் பேசும். ஒரு பக்கத்து அடைப்பு, ஒரு பக்கத்து ரத்தம் என்றால், ஸ்கேனையும் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள்.

மூன்றாம் வருடச் செக்கப்புக்கு மேரி ஒரு பை நிறையச் சாளை மீன் கொண்டுவந்தார். கண் தப்பிவிட்டது, மணம் மட்டும் திரும்பவில்லை.

"நல்ல மீனான்னு மணந்து சொல்லுங்க சாரே."

மேலே கிடந்த ஒன்றை எடுத்து முகர்ந்து, நல்ல மீன்தான் என்றேன்.

"மேல உள்ளத மட்டும் பாத்துச் சொல்லாதிய," என்றார். "அடியிலயும் ஒண்ணு எடுத்துப் பாருங்க."