பதினேழாம் நிரை

நம்பினால் நம்பு, இல்லாவிட்டால் போ. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. மலாயாவில் பாடாங் செராய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், 1943 ஜூனில் நடந்தது இது. நடராஜாவே வாய்விட்டுச் சொன்னான். ஒருத்தன் பேச்சை நம்புகிறவன் இல்லை நான். கூட இருந்த இன்னொருவனையும் விசாரித்தேன். பேச்சு மாறவில்லை.

நடராஜாவின் அப்பன் பழனியாண்டி அந்தத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவன். ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே மாட்டான். பால்மரம் வெட்டுகிறவர்களுக்கு ஆளுக்கொரு நிரை, அதாவது மர வரிசை, உண்டு. அந்த நிரையின் எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவான். நின்று பதில் சொல்லாவிட்டால் பிரம்பு. மகனுக்கு இரண்டு வயதானபோது தாய்க்காரி அவனைத் தூக்கிக்கொண்டு பண்டார் பாருவில் அண்ணன் வீட்டுக்கு ஓடிவிட்டாள். "மனுசனைப் பேரு சொல்லிக் கூப்பிடணும்டா" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள். அப்பன் செத்தபோதுகூடக் கூட்டிக்கொண்டு வரவில்லை. அவன் குரல் எப்படி இருக்கும் என்றே நடராஜாவுக்குத் தெரியாது.

வெள்ளைக்காரன் ஓடினான், ஜப்பான்காரன் வந்தான். பிழைப்புக்காக அதே தோட்டத்துக்கு வந்திருந்த நடராஜாவை, கணக்கு எழுதும் கிராணி பிடித்து மண்டோர், அதாவது மேஸ்திரி, ஆக்கினான். "கங்காணி மவன்தானே, ஆளை மேய்க்கிறது ரத்தத்துலயே இருக்கும்."

வளர்ப்பை யார் பார்த்தார்கள்?

ஒருநாள் உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஐந்து ஆள் வேண்டும். நடராஜாதான் பொறுக்க வேண்டும். மறுநாள் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போதே கூப்பிட்டு லாரியில் ஏற்றிவிட வேண்டும்.

அவன் மனைவி பாப்பம்மா வழியை மறித்து நின்றாள்.

"என் தம்பியை மட்டும் வுட்டுடுங்க."

"ஆத்தா மேல ஆணை. கூப்பிட மாட்டேன்."

தம்பி சின்னையாவுக்குப் பத்தொன்பது வயது. சிரித்தான். "கூப்பிட்டீங்கன்னா அக்கா சோறு போடமாட்டா, மச்சான்."

"சோறு எங்கடா இருக்கு? மரவள்ளிதானே."

காலை மணி ஏழு. ஜப்பான் மணி. பழைய மணிக்கு ஐந்தரைதான். கும்மிருட்டு. ஒரே ஒரு அரிக்கேன் விளக்கு. நடராஜா கையில் தாள். ஐந்து பெயர். சின்னையா பெயர் இல்லை.

வாயைத் திறக்கப் போனான்...

"மூணாம் நெரை."

யார் கூப்பிட்டது? அவன் பக்கத்தில் ஆள் இல்லை.

"இருக்கேன்" என்று சுப்பிரமணியம் முன்னால் வந்தான்.

"எட்டு."

"இருக்கேன்."

"பன்னெண்டு... இருபது."

நாலும் தாளில் இருந்தவர்களின் நிரைதான்.

நடராஜா வாயைத் தொட்டுப் பார்த்தான். உதடு மூடியிருந்தது.

தொண்டை அதிர்ந்துகொண்டிருந்தது...

"பதினேழு."

சின்னையாவின் நிரை.

அவன் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகிக்கொண்டார்கள். தனியாக நின்றான். அக்காளைத் திரும்பிப் பார்த்தான். லாரியோடு வந்த ஜப்பான் சிப்பாய் பிடரியில் கைவைத்துத் தள்ளினான்.

ஏழு பத்துக்கு லாரி போய்விட்டது.

கிழவி காளியம்மா நடராஜாவின் காலடியில் துப்பினாள். "இருபத்தஞ்சு வருசமாச்சு இந்தக் கொரலைக் கேட்டு. உங்கப்பன் கொரல்."

"நான் கூப்பிடல, பெரியம்மா."

"அவனும் இப்படித்தான் சொல்லுவான்."

1945 டிசம்பரில் ஐவரில் ஒருவன் மட்டும் திரும்பினான், சுப்பிரமணியம். எலும்புதான் வந்தது. நேரே நடராஜா வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அங்க காட்டுலயும் வெடியக்காலைல ஒரு கொரல் கூப்பிடும்ணே. நெரையைச் சொல்லித்தான். யாரு நெரையைச் சொல்லுதோ, அந்தாளு பொழுது சாயறதுக்குள்ள முடிஞ்சான். நாலு பேரும் அப்படித்தான் போனாங்க."

நடராஜா கேட்டான். "எங்கப்பன் கொரலா?"

"உங்கப்பனை நான் பாத்ததே இல்ல. அது நீங்கதான்."

"நான் இங்கதானேடா இருந்தேன். தூங்கிட்டு இருந்தேன். இவளைக் கேளு."

பாப்பம்மா அடுப்பை விட்டுத் திரும்பவில்லை.

"தூங்கிட்டுத்தான் இருந்தாரு" என்றாள். "தூக்கத்துலதான் சொல்லுவாரு. மூணு வாட்டி, கனவுன்னு தண்ணி குடுத்துப் படுக்க வச்சேன். நாலாவது வாட்டி என் தம்பி நெரையைச் சொன்னாரு. அன்னைக்கே நான் அழுது முடிச்சிட்டேன்."

அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள்.

"எழுப்பலாம்னுதான் கிட்டப் போனேன்..." என்றாள். "கண்ணு தெறந்துதான் இருந்துச்சு."